கொட்டகை வரைக்கும் சிக்னல்: கம்பியில்லா அலை தூரம் போன கதை

வீட்டில் இணைய இணைப்பு இருக்கிறது. பின்பக்கம் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி மாட்டுக்கொட்டகையோ, மோட்டார் ரூமோ, சாமான் போட்டு வைக்கும் தகரக் குடோனோ இருக்கிறது. மோட்டாரில் இருக்கும் செம்புக் கம்பிக்காகவே திருட்டு நடக்கும் காலம் என்பதால் அங்கே ஒரு கேமரா மாட்டலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். வைஃபை கேமரா வாங்கி மாட்டியும் ஆகிறது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்த படம், கொட்டகைக்குப் போனதும் நின்று நின்று வருகிறது. ராத்திரியில் சுத்தமாக வருவதே இல்லை. எந்த நேரத்துக்காக வாங்கினாரோ அந்த நேரத்தில் கண் மூடிக்கொள்கிறது!

இந்த நிலைமையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: "பவர் பத்தவில்லை, இன்னும் பவர்ஃபுல்லாக ஒரு ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும்." கடைகளிலும் அதையே சொல்லி விற்கிறார்கள். ஆனால் கம்பியில்லா அலையை இன்னும் கொஞ்சம் தூரம் அனுப்புவது எப்படி என்ற கேள்விக்கு 130 வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் வேறு. பவரைக் கூட்டியவர்களைவிட, ஆன்டெனாவை உயர்த்தியவர்களும் சரியான பக்கம் திருப்பியவர்களும்தான் குறைந்த செலவில் அதிக தூரம் போயிருக்கிறார்கள்.

குன்றுக்கு அப்பால் ஒரு துப்பாக்கிச் சத்தம்

முதல் சோதனையே ஒரு வீட்டுக்கும் அதன் தோட்டத்துக்கும் இடையில் நடந்ததுதான். இத்தாலியில் பொலோனியா நகருக்குப் பக்கத்தில் பொன்டெக்கியோ என்ற ஊர். அங்கே தன் அப்பாவின் பண்ணை வீட்டு மாடி அறையில் 21 வயது குலியெல்மோ மார்க்கோனி 1895-ல் மின்பொறியால் அலைகளை உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அறைக்குள், பிறகு வராந்தா, பிறகு தோட்டம். சில நூறு மீட்டருக்கு மேல் அலை போகவில்லை.

அப்போது அவர் செய்த மாற்றம் மிகச் சாதாரணமானது. கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தார். மறுமுனையை உயரமான கம்பத்தில் ஏற்றினார். தூரம் சட்டென்று கூடியது. வீட்டுக்கு எதிரே இருந்த குன்றுக்கு அப்பால் கருவியோடு அண்ணன் அல்ஃபோன்சோவை அனுப்பினார். குன்று மறைப்பதால் கையசைத்தால் தெரியாது. எனவே சிக்னல் வந்தால் துப்பாக்கியால் சுட வேண்டும் என்று ஏற்பாடு. மாடியில் இவர் பொத்தானை அழுத்தினார், குன்றுக்கு அப்பாலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. தூரம் சுமார் 2 கிலோமீட்டர்.

இதற்கும் 7 ஆண்டுகள் முன்பே, 1888-ல், ஜெர்மனியில் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் துத்தநாகத் தகட்டை வளைத்துப் பெரிய கிண்ணம் போல் செய்து, ரேடியோ அலையை டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே பக்கம் குவிக்க முடியும் என்று காட்டியிருந்தார். ஆக, உயரம், திசை என்ற இரண்டு பாடங்களும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கிடைத்துவிட்டன. ஆனால் உலகம் இரண்டாவது பாடத்தைக் கொஞ்ச காலம் மறந்துபோனது.

பவர் போட்டியும் அதன் முடிவும்

அட்லாண்டிக் கடலைத் தாண்டும் ஆசை வந்ததும் எல்லோரும் பவர் பக்கம் போனார்கள். 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்துக்கு சிக்னல் கிடைத்ததாக மார்க்கோனி அறிவித்தார். அதன்பின் நிலையங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகின. நீண்ட அலை, நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரம், ஏக்கர் கணக்கில் கம்பங்கள். சின்ன நாடுகள் நினைத்துப் பார்க்க முடியாத முதலீடு.

1920-களில் மார்க்கோனியும் அவருடைய பொறியாளர் சார்லஸ் ஃபிராங்க்ளினும் நேர் எதிர்ப்பாதையில் போனார்கள். சிற்றலையை எடுத்துக்கொண்டு, வரிசையாகக் கம்பிகள் கட்டி, அலை முழுவதையும் எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அந்த ஊர்ப் பக்கம் மட்டும் குவித்தார்கள். 'பீம்' முறை என்று பெயர். 1926-ல் இங்கிலாந்து-கனடா, 1927-ல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, பிறகு பூனா அருகில் அமைந்த நிலையங்கள் வழியாக இந்தியா. பழைய நிலையங்கள் விழுங்கிய மின்சாரத்தில் ஒரு சிறு பங்குதான் இவற்றுக்குத் தேவைப்பட்டது. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பும் குணமும் இதற்கு உதவியது.

இதன் வணிக விளைவு இன்னும் சுவாரசியம். கடலடிக் கம்பி நிறுவனங்கள் பீம் முறையின் மலிவான கட்டணத்தோடு போட்டி போட முடியாமல் திணறின. கடைசியில் 1929-ல் கம்பித் தந்தியையும் கம்பியில்லாத் தந்தியையும் ஒரே நிறுவனமாக இணைக்க வேண்டியதாயிற்று. 1934-ல் அதற்கு 'கேபிள் அண்ட் வயர்லெஸ்' என்று பெயர் வந்தது. ஆன்டெனாவைச் சரியாகத் திருப்பியது ஒரு தொழிலின் கணக்குப் புத்தகத்தையே மாற்றிவிட்டது.

சொந்த ஊரில் கண்டுகொள்ளப்படாத மீன்முள்

அதே காலத்தில் ஜப்பானின் செண்டாய் நகரில் டொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இருவர் ஓர் எளிய ஆன்டெனாவை உருவாக்கினார்கள். ஒரு தண்டில் குறுக்கே குறுக்கே சில உலோகக் குச்சிகள், அவ்வளவுதான். பார்க்க மீன்முள் மாதிரி இருக்கும். ஒரு குச்சிக்கு மட்டுமே கம்பி இணைப்பு. மற்றவை சும்மா நின்றபடியே அலையை ஒரு திசைக்குத் தள்ளும். 1926-ல் இது வெளியானது. 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வழியாக உலகத்துக்குத் தெரிந்தது. வேலையில் பெரும்பகுதி உடாவுடையது, பெயர் நின்றது யாகிக்கு!

ஜப்பானில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கு நாடுகள் ரேடாரில் பயன்படுத்தின. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான் ராணுவத்தின் கையில் ஒரு பிரிட்டிஷ் ரேடார் குறிப்பு கிடைத்தது. அதில் 'யாகி' என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. அர்த்தம் புரியாமல் பிடிபட்ட பிரிட்டிஷ்காரரிடம் கேட்டபோது, அது ஒரு ஜப்பானியரின் பெயர் என்று பதில் வந்ததாம். 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி மீது விழுந்த குண்டுகளில் உயரத்தை அளந்த ரேடாரிலும் இதே வகை ஆன்டெனாதான் இருந்தது.

இந்த மீன்முள் தமிழ்நாட்டுக்கு நன்றாகவே பழக்கம். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடிதோறும் நின்றது இதுதான். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தென் மாவட்டக் கடலோர ஊர்களில் உயரமான பைப்பில் ஆன்டெனாவை ஏற்றி, இலங்கைப் பக்கம் திருப்பிப் படம் பார்த்தவர்கள் ஏராளம். மாடியில் ஒருவர் பைப்பைத் திருக, கீழே ஒருவர் "வந்துருச்சு... போயிருச்சு..." என்று கத்திய காலம். பூஸ்டர் என்ற பெட்டியும் சேர்த்து மாட்டினார்கள். ஆன்டெனாவுக்கே எதுவும் எட்டாதபோது பூஸ்டர் புள்ளிகளையும் இரைச்சலையும்தான் பெரிதாக்கிக் காட்டியது. திசையும் உயரமும் கிடைத்த பிறகுதான் பூஸ்டருக்கு வேலை.

யாருக்கும் வேண்டாத அலைவரிசை

இதுவரை சொன்ன எதையும் சாதாரண வீட்டுக்காரர் நினைத்தபடி செய்துவிட முடியாது. வாங்குவதற்கு மட்டுமே அனுமதி உண்டு, அனுப்புவதற்கு லைசென்ஸ் வேண்டும். வீட்டிலிருந்து கொட்டகைக்குப் படம் அனுப்பலாமா என்ற கேள்விக்கு வழி திறந்தது 1985 மே மாதம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தில் பொறியாளராக இருந்த மைக்கேல் மார்கஸ் முன்னின்று நடத்திய முயற்சியில், மூன்று அலைவரிசைத் துண்டுகள் லைசென்ஸ் இல்லாத தகவல்தொடர்புக்குத் திறந்துவிடப்பட்டன. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் இடம். இரைச்சல் நிறைந்தது, எனவே யாரும் விலை கொடுத்து வாங்கத் துடிக்காத புறம்போக்கு நிலம் போன்றது. அனுமதிக்கப்பட்ட உச்ச பவர் 1 வாட்.

அந்தப் புறம்போக்கில் முதலில் குடிசை போட்டவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டிக்காரர்! கடைகளுக்கு பில் போடும் இயந்திரம் செய்யும் என்சிஆர் நிறுவனம், கடையில் மேசைகளை மாற்றிப் போடும்போதெல்லாம் கம்பியை மாற்ற வேண்டியிருப்பதற்கு மாற்று தேடியது. 1988-ல் தன் பொறியாளர் விக் ஹேய்ஸிடம் பொதுத் தரம் ஒன்றை உருவாக்கும் வேலையைத் தொடங்கச் சொன்னது. 1997-ல் 802.11 என்ற தரம் வந்தது, 1999-ல் 802.11பி. அதே ஆண்டு வைஃபை என்ற பெயரும் வந்தது.

இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பொதுவாக லைசென்ஸிலிருந்து விடுவிக்கப்பட்டது. கருவியின் பவர் 1 வாட், ஆன்டெனா குவிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4 வாட் என்பது வரம்பு. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-ல் திறக்கப்பட்டது. ஆக, பவரைக் கூட்டிக்கொண்டே போவது தொழில்நுட்ப ரீதியில் மட்டுமல்ல, சட்டப்படியும் முட்டுச்சந்து.

கேமரா எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். அவருக்கும் கணவர் ஆல்பர்ட்டுக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் பகுதி. கதவைத் தட்டுவது யார் என்று படுக்கையறையிலிருந்தே பார்க்க வேண்டும் என்று 1966-ல் இருவரும் ஒரு வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்டார்கள், 1969-ல் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, ரிமோட்டில் திறக்கும் பூட்டு. வீட்டுப் பாதுகாப்புக் கேமராவின் வரலாறு இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. பயத்தோடு தனியாக இருப்பவரின் தேவையிலிருந்து பிறந்த கருவி அது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1991-ல் காபி ஜாடி காலியா என்று மாடி ஏறாமல் பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். 1993-ல் அது இணையத்துக்கு வந்து, 2001 ஆகஸ்டில் நிறுத்தப்படும் வரை உலகமே அந்த ஜாடியைப் பார்த்தது. 1996-ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம், கணினி துணையில்லாமல் நேராக வலையமைப்பில் சேரும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமராவும் லைசென்ஸ் இல்லாத அலையும் சேர்ந்ததும் கொட்டகைக் கேமரா சாத்தியமானது. மீதி இருந்தது தூரம் மட்டும்தான்.

வறுவல் டப்பாவும் ஆண்டீஸ் மலையும்

தூரப் பிரச்சினையைத் தீர்க்கப் பெரிய நிறுவனங்களுக்கு முன்பே பொழுதுபோக்காளர்கள் இறங்கினார்கள். 2001-ல் அமெரிக்காவின் ராப் ஃபிளிக்கெஞ்சர், உருளைக்கிழங்கு வறுவல் வரும் நீள டப்பாவுக்குள் யாகி தத்துவத்தில் வாஷர்களைக் கோத்து ஒரு ஆன்டெனா செய்து காட்டினார். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால் சமையலறைச் சாமான் அளவே போதுமானதாக இருந்தது. பிறகு தகர டின், இடியாப்பத் தட்டு மாதிரியான சல்லடைகள், பழைய டிஷ் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள்.

உச்சம் தொட்டவர் வெனிசுவேலாவின் எர்மானோ பியெட்ரோசெமோலி. 2006-ல் ஆண்டீஸ் மலையின் பிக்கோ டெல் ஆகிலாவிலிருந்து 279 கிலோமீட்டருக்கும், 2007-ல் 382 கிலோமீட்டருக்கும் வைஃபை இணைப்பு ஏற்படுத்திக் காட்டினார். வீடுகளில் வைக்கும் ரகத்து ரவுட்டர், இரண்டு பக்கமும் பெரிய கிண்ண ஆன்டெனா, இடையில் மறைப்பே இல்லாத மலை உயரம். அவ்வளவுதான்.

இத்தனை தூரத்தில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. வைஃபையில் ஒரு பக்கம் தகவல் அனுப்பினால் மறுபக்கம் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும், அதற்கு மிகச் சிறிய காத்திருப்பு நேரமே உண்டு. அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர்தான் போகும். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பதில் வருவதற்குள், "கிடைக்கவில்லை" என்று முடிவு கட்டி ரவுட்டர் மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். மென்பொருளில் அந்தப் பொறுமையை நீட்டிய பிறகுதான் நீண்ட இணைப்புகள் ஒழுங்காக ஓடின.

தேனியில் நடந்தது

இந்தச் சாதனையின் பயன் என்ன என்பதற்குத் தேனி மாவட்டமே சாட்சி. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் ஆய்வுக் குழுவும் சேர்ந்து, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்தின் ஐந்து சிறு கண் பரிசோதனை மையங்களோடு நீண்டதூர வைஃபையால் இணைத்தன. ஓர் இணைப்பு 1 கிலோமீட்டர், நீளமானது ஆண்டிப்பட்டி பக்கம் 15 கிலோமீட்டர். சில இடங்களில் டவர் எழுப்பினார்கள். சில இடங்களில் இருக்கிற உயரத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள், ஒரு பஞ்சாலை வளாகத்துப் புகைபோக்கி உட்பட! கிராமத்து நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் படத்தோடு பேசினார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

அங்கே பெரிய தலைவலி கொடுத்தது தூரம் அல்ல. ஏறி இறங்கும் மின்சாரமும், உயரக் கம்பத்தைத் தேடி வரும் இடியும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாததும்தான். கொட்டகையில் கேமரா வைப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

மறுபடியும் கொட்டகைக்கு

இத்தனை வரலாற்றையும் அந்த அறுபது மீட்டருக்கு இறக்கிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சிக்னல் நாலில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. பவரை வைத்து இதை ஈடுகட்டுவது முடியாத காரியம். மேலும் இது இருவழிப் பேச்சு. ரவுட்டர் மட்டும் சத்தமாகக் கத்தினால் கொட்டகைக் கேமராவுக்குக் கேட்கும், கேமராவின் முணுமுணுப்பு ரவுட்டருக்குக் கேட்க வேண்டாமா? படம் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதானே! திசை ஆன்டெனா பேசும்போது வாயாகவும் கேட்கும்போது காதாகவும் உதவும். அனுப்பும் பவருக்குத்தான் 4 வாட் வரம்பு, கேட்கும் காது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சட்டம் தடுப்பதில்லை.

தகரச் சுவரும் தகரக் கதவும் அலையைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பிவிடும். பச்சை இலையும் தண்ணீர்த் தொட்டியும் விழுங்கும். எனவே ஆன்டெனா வீட்டின் வெளிச்சுவரில் ஒன்று, கொட்டகையின் வெளிப்பக்கம் ஒன்று, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். அந்த நேர்கோட்டைச் சுற்றியும் இடம் தேவை: 60 மீட்டர் இணைப்பில் நடுப்பகுதியில் எல்லாப் பக்கமும் சுமார் ஒன்றரை மீட்டர். இடையில் திரும்பச் சொல்லும் ரிப்பீட்டர் வைப்பது எளிது, ஆனால் ஒரே அலைவரிசையில் கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 1 கிலோமீட்டரை இலக்காக வைத்து, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் 802.11ஏஹெச் என்ற தரம் 2017-ல் வெளியானது. இவை எதுவும் வேண்டாமென்றால் 100 மீட்டர் வரை சாதாரண ஈதர்நெட் கம்பி போதும். குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தால் வேலை முடிந்தது. கம்பியில்லாக் கதையில் கம்பிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

யாருக்குக் கேட்கிறது?

கடைசியாக ஒரு விஷயம். அலை தூரம் போனால் சொந்தக்காரருக்கு மட்டும் போவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் விற்ற மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் கேமராக்கள் படத்தை எந்தப் பூட்டும் இல்லாமல் காற்றில் விட்டன. அதே ரகத்து ரிசீவரோடு தெருவில் காரில் போகிறவருக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியும் என்று 2002-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. வைஃபையின் முதல் பூட்டான வெப் முறை 2001-லேயே உடைக்கப்பட்டு, 2003-லும் 2004-லும் வலுவான பூட்டுகள் வந்தன. 2016-ல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களைப் பல மணி நேரம் எட்டாதபடி செய்தது. திருடனைப் பார்க்க வைத்த கேமரா திருடனுக்கே வேலை செய்தது.

திசை ஆன்டெனாவுக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. தெருப்பக்கம் சிந்தாமல் கொட்டகைப் பக்கம் மட்டும் போகும் அலையை ஒட்டுக் கேட்பது கொஞ்சம் கஷ்டம். அது பூட்டுக்கு மாற்று அல்ல, பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும். மேரி பிரவுன் கேட்டது கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தான் பார்க்க வேண்டும் என்பதைத்தான். வெளியே நிற்பவர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கொட்டகைக்குக் கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் ரவுட்டரின் பவரைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டால் நல்லது: ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது? அதன் வழியாக யாரெல்லாம் பார்க்க முடியும்?